காயப்போட்ட கொடி

பிப்ரவரி முதல் வாரத்தில் மேனகா கொடிக்குத் தண்ணீரை நிறுத்தினாள். ரப்பர் குழாயைச் சுருட்டிப் பம்பு ரூம் ஆணியில் மாட்டிவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொடியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"இனி மழ வந்து ஊத்தட்டும்" என்றாள்.

சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மரியபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம் புள்ள, நாலு வருசமா மடியில வெச்சு வளத்தாப்புல வளத்துப்போட்டு இப்ப எதுக்குப் பட்டினி போடறே?"

"பட்டினி போட்டாத்தான் பூக்குங்க்கா. காப்பிக்கு என்ன பண்றோம்? பழம் எடுத்து முடிச்சதும் சொட்டுத் தண்ணி காட்டறமா? செடி நல்லாக் காஞ்சு கெடக்கணும். அப்பறம் ஒரு பூமழ உழுந்துச்சுன்னா ஒம்பதாம் நாள் காடே வெள்ளையாயிருது."

"அது காப்பி. இது எந்த ஊருக் கொடியோ."

"எந்த ஊருச் செடியா இருந்தா என்னங்க்கா, வேரு மண்ணுக்குள்ளதானே இருக்குது."

"என்னமோ பண்ணு. எனக்குப் பூ வேண்டாம் தாயி, தழ இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு மரியபுஷ்பம் பீன்ஸைப் பார்த்தாள்.

அவள் தழை வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது.

மலைமேல் ஒண்டிக்கடை முக்கிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், பழைய காப்பித் தோட்டத்துக்கு நடுவே கட்டிய காட்டேஜ் அது. பன்னிரண்டு அறைகள். வேலை செய்கிற பெண்கள் மூன்று பேர். மரியபுஷ்பம் சமையல். ஹேமலதா அறைகளைக் கூட்டி, விரிப்பு மாற்றுகிறவள். இருபத்து நாலு வயது, ஆவணியில் கல்யாணம். மேனகா தோட்டம். பதினெட்டு வருடம் எஸ்டேட்டில் களையெடுத்து, கவாத்து வெட்டி, பழம் பறித்து, இனி மூட்டை தூக்க முதுகு ஆகாது என்றான பிறகு இந்த வேலைக்கு வந்தவள்.

வேலை முடிந்ததும் மூன்று பேரும் அங்கேயே குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். கோடையில் அவர்கள் ஊரான செம்மநத்தத்தில் நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்தால் பெரிய காரியம். இங்கே விறகு பாய்லரில் வெந்நீரே உண்டு. நாள் முழுக்க அடுப்புப் புகையிலும் பினாயில் வாடையிலும் மண்ணிலும் கிடந்த உடம்புக்கு அந்த இரண்டு பக்கெட் வெந்நீர்தான் ஒரு நாளில் அவர்களுக்கென்று இருந்தது.

குளியலறை சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்தது. மலையை வெட்டிக் கட்டிய இடம். அதனால் உள்ளே தரை பள்ளம், வெளியே பின்பக்கம் தரை மேடு. ஆவி வெளியே போகட்டும் என்று பின்சுவரின் மேல்பகுதியில் பூப்போட்ட ஓட்டைக் கற்களைப் பதித்திருந்தார்கள். உள்ளே நிற்பவளுக்கு அது தலைக்கு மேலே. வெளியே மேட்டில் நிற்பவனுக்கு நேராகக் கண்மட்டம். கட்டின மேஸ்திரிக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வேலைக்காரப் பெண்கள் குளிக்கிற இடம்தானே என்று விட்டிருப்பான்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், சுற்றுலா வந்த வேன் டிரைவர் ஒருவன் அந்த மேட்டில் நின்று பல் குத்திக்கொண்டே உள்ளே பார்த்தான். ஹேமலதா ஈரப் பாவாடையோடு அழுதுகொண்டே ஓடிவந்தாள். மேனேஜர் வேலுசாமி, "ஓட்டையை அடைச்சா ஆவி போவாது, காரை உதுந்துரும். உள்பக்கம் ஒரு துணியக் கட்டிக்கங்க" என்றார். துணி இரண்டே நாளில் பூசணம் பிடித்துக் கீழே விழுந்தது.

முன்வாசல் வளைவுக்கு வைக்கச் சொல்லி முதலாளியம்மா பெங்களூரிலிருந்து இரண்டு கொடிக் கன்றுகள் கொண்டுவந்திருந்தார். ஒட்டியிருந்த அட்டையில் ஹனிசக்கிள் என்று போட்டிருந்தது. ஒன்றை வளைவில் வைத்த மேனகா, இன்னொன்றை அந்தப் பின்சுவரின் மேட்டில் வைத்தாள். யாரையும் கேட்கவில்லை.

குழி எடுத்து, காப்பித் தோல் மக்கிய எருவைப் போட்டு நட்டாள். கொடியைச் சுவரோடு ஒட்டவிட்டால் ஈரம் ஏறும் என்று ஒரு முழம் தள்ளி மூங்கில் சட்டம் அடித்தாள். தூரில் வெயில் படாமல் சில்வர் ஓக் சருகைக் கொட்டினாள். ஆறு மாதத்தில் கொடி சட்டத்தைத் தொட்டது. பிறகு சொல்பேச்சுக் கேட்கவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் சுற்றியது. பக்கத்தில் முளைத்த கொய்யாக் கன்று ஒன்றைச் சுற்றி இறுக்கித் தண்டில் பள்ளமே விழச் செய்துவிட்டது. மேனகா வாரம் ஒருமுறை நுனிகளைத் திருப்பி, எங்கே ஓட்டைக் கல் தெரிகிறதோ அங்கே கொண்டுபோய்க் கட்டினாள். இரண்டாம் வருடம் வெளியிலிருந்து பார்த்தால் சுவரே தெரியவில்லை. பச்சை மட்டும்தான்.

பூ சாயங்காலம் வெள்ளையாக விரியும். மறுநாள் மஞ்சளாகும். காம்பைக் கிள்ளி உறிஞ்சினால் நாக்கில் ஒரு சொட்டு இனிப்பு. பெண்கள் அதைத் தேன்கொடி என்றார்கள்.

"மேனகாக்கா கட்டுன சேலைக்குள்ள குளிக்கறோம்" என்று ஹேமலதா சொல்வாள். மேனகாவுக்கு அதைக் கேட்க ரொம்பப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

போன வருடம் தழை மட்டும் மண்டிக்கிடந்தது, பூ இல்லை. இந்த வருடம் கோடை விழாவுக்கு வருகிறேன், கொடி பூத்திருக்க வேண்டும் என்று முதலாளியம்மா போனில் சொல்லியிருந்தார். அதனால்தான் மேனகா காப்பிக் காட்டு வழியில் கொடியைக் காயப்போட்டாள்.

அவளுடைய தம்பி சந்திரசேகருக்கு அது பிடிக்கவில்லை.

சேகர் அதே காட்டேஜில் பம்பு, குழாய், கரண்டு எல்லாம் பார்க்கிறவன். இருபத்தாறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மேனகா மேனேஜரிடம் கெஞ்சி வாங்கிக்கொடுத்த வேலை. அவள் புருசன் செத்து ஏழு வருடமாகிறது, பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் தம்பியும்தான்.

"தண்ணி ஊத்துக்கா, எல பழுக்குது" என்றான் மார்ச் மாதம்.

மேனகா சிரித்தாள். "உனக்கு எப்படா செடி மேல அக்கற வந்துச்சு? கருவேப்பலையும் வேப்பலையும் உனக்கு ஒண்ணு."

"பாக்கவே பாவமா இருக்குதுக்கா."

"பாவமா இருந்தா பொண்ணு பாக்கறப்ப இந்தப் பாவத்தையெல்லாம் வெச்சுக்க, கண்ணு."

இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தபோது தூர் ஈரமாக இருந்தது. சருகை விலக்கி விரலை விட்டுப் பார்த்தாள். யாரோ பக்கெட் கணக்கில் ஊற்றியிருந்தார்கள். சேகரைக் கூப்பிட்டுத் திட்டினாள். அவன் தலையைச் சொறிந்தான். அடுத்த வாரமும் ஈரம். இந்த முறை மரியபுஷ்பம் கேட்கவே திட்டினாள்.

"பாதி வெரதம் இருந்தாப்புல ஆயிருமடா! முழுசாக் காஞ்சாத்தான் மொட்டு வெக்கும். தொட்டியானா கையை ஒடைப்பேன்."

"தம்பிக்கு நல்ல மனசு புள்ள" என்றாள் மரியபுஷ்பம். "ஆம்பளப் பையன் செடிக்குத் தண்ணி ஊத்தறதெல்லாம் ஆரு கண்டா? அவனைப் போயி வையறே."

மேனகாவுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

பூமழை வரவில்லை. மார்ச் போனது, ஏப்ரல் பாதி போனது. மேகம் சேலம் பக்கம் திரண்டு, மலையைப் பார்த்துவிட்டுக் கலைந்தது. கொடியில் இலை முதலில் பழுத்தது, அப்புறம் சுருண்டது, அப்புறம் கொட்டியது. தினமும் காலையில் ஒரு கூடை கூட்டி அள்ளினாள். சட்டத்தில் கயிறு கயிறாகத் தண்டு மட்டும் தொங்கியது. ஒருநாள் நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தாள். நுனியில் பழுப்பு. கீழே வந்து கீறினாள், பழுப்பு. முழங்கால் உயரத்தில்தான் பச்சை தெரிந்தது.

காப்பி வேறு, இது வேறு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பதினெட்டு வருடம் செடி பார்த்த கையால் ஒரு கொடியைக் கொன்றுவைத்திருக்கிறோம் என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

"வெட்டிப்போட்டுத் தண்ணி உடறேனுங்க்கா. தூருல உசுரு இருக்குது, துளுத்துரும்" என்று மரியபுஷ்பத்திடம் சொன்னாள். "அதுவரைக்கும் பழைய போர்வையைக் கட்டிடறேன்."

"அப்பவே சொன்னேன்ல, வேற ஊருக் கொடின்னு."

"சரி விடுங்க்கா, எரியறதுல எண்ணெ ஊத்தாதீங்க."

அன்றைக்கே சாயங்காலம் நாலே முக்கால் இருக்கும். கையில் கவாத்துக் கத்தரியும் தோளில் போர்வையுமாக மேட்டுக்குப் போனாள். உள்ளே பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஹேமலதா குளிக்கிறாள்.

"ஹேமா, நாந்தான். காஞ்சத வெட்டறேன், பயந்துக்காதே."

"வெட்டுங்க்கா. மேல தூசி மட்டும் உழாமப் பாத்துக்கங்க, இப்பத்தான் சீயக்கா போட்டேன்."

மேலே இருந்து வெட்டினாள். காய்ந்த தண்டு நறுக் நறுக்கென்று ஒடிந்தது. நடுவில், நான்கு வருடத் தண்டு ஒன்றோடொன்று முறுக்கிக் கூடு மாதிரி கிடந்த இடத்தில் மட்டும் இன்னும் நாலு இலை ஒட்டியிருந்தது. அதை விலக்கினாள்.

பச்சை நிறத்தில் ஒரு சோப்பு டப்பா.

அணில் எங்கிருந்தாவது தூக்கிவந்து வைத்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். தொட்டாள். அசையவில்லை. மூங்கிலோடு கட்டியிருந்தது. சுவரைப் பார்த்த பக்கத்தில் காப்பிப் பழம் அளவுக்கு ஓர் ஓட்டை, சூடு வைத்த கம்பியால் போட்டது போல விளிம்பு உருகியிருந்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு போன். அதோடு ஒயர் சுற்றிய கட்டை மாதிரி ஒரு பேட்டரி. போன் சுட்டது.

எடுத்துத் திருப்பினாள்.

போனின் முகத்தில் ஓட்டைக் கல் தெரிந்தது. மேலே சிவப்புப் புள்ளி ஒன்று, பக்கத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கை அசைய அசையப் படமும் அசைந்தது. மறுபடி ஓட்டைக்கு நேராக அது போனபோது ஆவி தெரிந்தது, குளியலறையின் நீலச் சுண்ணாம்பு தெரிந்தது, உள்ளே துணிக்கயிற்றில் போட்ட மஞ்சள் துண்டு தெரிந்தது. ஒரு கை வந்து அந்தத் துண்டை எடுத்தது.

மேனகா போனைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுத்தினால் அதற்குக் கண் தெரியாது என்பது மட்டும்தான் தோன்றியது. சத்தம் போட வாயைத் திறந்தாள். வரவில்லை. 

அப்போதுதான் அந்த முடிச்சைப் பார்த்தாள்.

டப்பாவை மூங்கிலோடு சேர்த்துக் கட்டியிருந்தது வாழைநார். இரண்டு சுற்று, நடுவில் ஒரு குறுக்கு, நுனி உள்ளே செருகல். இறுக்கவும் இறுக்காது, அவிழவும் அவிழாது. மாரமங்கலம் பக்கத்து மிளகுத் தோட்டத்தில் அவளுடைய அப்பன் கட்டுகிற கட்டு. கொடி கழுத்து நெரியாமல் மரத்தில் நிற்பதற்காக. அந்தக் காட்டேஜில் அதை அவள் மட்டும்தான் கட்டுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுடையது என்றுதான் யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

ஆனால் நுனி இடப்பக்கம் செருகியிருந்தது. அவள் வலப்பக்கம் செருகுவாள். இடக்கையால் கட்டுகிறவனுக்குத்தான் அது இடப்பக்கம் போகும். சோறு தின்ன மட்டும் வலக்கை, மற்ற எல்லாவற்றுக்கும் இடக்கை என்று வளர்ந்தவன் ஒருத்தன்தான் அவளுக்குத் தெரியும்.

ஒருமுறை அவிழ்த்து, வலப்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிடலாமா என்று விரல் போனது. போன விரலைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது. எதற்காகக் கட்டப் பார்த்தோம்? யாரைக் காப்பாற்ற?

"என்னங்க்கா, வெட்டறேன்னுட்டுப் பேயறைஞ்சாப்புல நிக்கறீங்க?"

ஹேமலதா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவர் மூலையில் நின்றிருந்தாள். முகத்தில் மஞ்சள் காயவில்லை.

"ஒண்ணுமில்ல. போ, போயி தல தொவட்டு" என்றாள் மேனகா. போன் சேலை மடிப்புக்குள் இருந்தது. அங்கே இன்னும் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

பம்பு ரூமுக்குப் போகிற வழியில் மேனேஜர் வேலுசாமி எதிரே வந்தார். "ஏம்மா மேனகா, என்ன கொடி இப்புடித் தென்ன வெளக்குமாறாட்டம் ஆயிப்போச்சு? அம்மா வந்தா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அவள் நிற்கவில்லை.

சேகர் மோட்டாருக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். அவள் போனை எடுத்து நீட்டினாள்.

அவன் போனைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். யாருடையது என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. அந்த ஒரு பொய்யையாவது சொல்வான் என்று நம்பித்தான் அவள் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள்.

"குடுக்கா" என்றான்.

"இது என்னடா?"

"குடுக்கா மொதல்ல. ஆராச்சும் பாத்தாங்களா?"

"ஹேமா உன்னைய அண்ணான்னு கூப்படற புள்ளடா. புஷ்பக்கா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உனக்குன்னு தனியாக் கறி எடுத்து வெக்குது. உங்கையி எப்புடிடா போச்சு?"

"நான் ஆரையும் தொடலியே அக்கா. சும்மா பாக்கறதுதானே. போனத் தொறந்தா ஊரே இதத்தான் பாக்குது."

"எத்தன நாளா?"

"தீவாளிக்குப் பொறவுதான்."

ஐப்பசி, கார்த்திகை என்று அவள் விரல் மடக்கப் பார்த்தாள். ஒரு விரலுக்கு மேல் மடங்கவில்லை. தூர் ஈரமாகக் கிடந்த காலைகள் ஞாபகம் வந்தன. இலை கொட்டுகிறது, தண்ணி ஊத்துக்கா என்று கெஞ்சினானே. அவன் பார்த்த பாவம் எது என்று இப்போதுதான் விளங்கியது. 

"நானும் அங்கதானேடா குளிக்கறேன்."

அவன் முகம் சட்டென்று தெளிந்தது. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல ஒரு அடி முன்னால் வந்தான்.

"ஐயோ அக்கா! உன்னைய எடுக்கவே இல்லக்கா. சாமி சத்தியமா! ஹேமா நாலரைக்குப் போவும், புஷ்பக்கா அஞ்சு மணி. நீ அஞ்சரைக்குத்தானே போவே. அதுக்குள்ளாற வந்து எடுத்துப்போடுவேன். ஒருநாள் தப்புனதில்ல. நீ வேணா போட்டுப் பாரு, ஒண்ணுலகூட நீ இருக்க மாட்டே."

அவளுக்குச் செய்த உபகாரம் போலச் சொன்னான். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது.

மேனகா மோட்டார் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். அவனை அடிக்கவேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை. கிரீஸ் வாடை மூக்கை அடைத்தது.

"ஆருக்காச்சும் அனுப்பினியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சேகரு."

"ரெண்டு பேருக்குத்தாங்க்கா. நம்ம பசங்கதான். அவனுக வெளிய உட மாட்டானுக."

 பிறகு அவன் குரலை மாற்றிக்கொண்டு, மெதுவாக, விவரமாகப் பேசினான். "அக்கா, நீ யோசிச்சுப் பாரு. கொடி நீ வெச்சது. கட்டு உங்கட்டு. சொன்னீன்னா உன்னையும் சேத்துத்தான் புடிப்பாங்க. டப்பாவ அடுப்புல போட்டுட்டு, போனக் குடு, இந்த நிமிசமே எல்லாத்தையும் அழிச்சுப்போடறேன். ஆருக்குத் தெரியப்போவுது? எனக்கு உன்னைய உட்டா ஆரு இருக்கா?"

அவன் கை போனை நோக்கி நீண்டது. இடக்கை. அவள் எழுந்து வெளியே வந்து, கதவை வெளிப்பக்கமாகச் சாத்தினாள். தாழ்ப்பாள் வெளியே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சாத்தினாள்.

சமையல்கட்டில் மரியபுஷ்பம் மாற்றுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். ஹேமலதா அடுப்புப் பக்கம் திரும்பித் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடிக்க இரண்டு நிமிடம்.

"போவாதீங்க்கா" என்றாள் மேனகா.

"ஏன், தண்ணி ஆறிப்போச்சா?"

மேனகா காய் நறுக்கும் பலகைமேல் போனை வைத்தாள். குப்புற வைத்தாள்.

"இத கொடிக்குள்ள இருந்து எடுத்தேன். ஓட்டையப் பாத்துக் கட்டியிருந்துச்சு. படம் ஓடிட்டு இருந்துச்சு."

மரியபுஷ்பம் முதலில் செய்தது, தோளில் கிடந்த சேலையை இழுத்துக் கழுத்துவரைக்கும் போர்த்தியதுதான். கட்டிய சேலைக்கு மேலேயே போர்த்திக்கொண்டாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது.

"இன்னிக்குமா?" என்று ஹேமலதா கேட்டாள். யார் என்று கேட்கவில்லை.

"இன்னிக்கும்."

ஹேமலதாவின் கையிலிருந்த துண்டு அடுப்புத் திட்டில் விழுந்து ஓரம் கருகியது. அவள் எடுக்கவில்லை. மரியபுஷ்பம்தான் எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"ஆரு புள்ள? எந்தத் தேவடியா மவன்?"

மேனகாவின் அம்மாவுக்கு அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. மேனகா அதை வாங்கிக்கொண்டாள்.

"சேகரு" என்றாள். "எந்தம்பி."

வாசலில் வேலுசாமி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து போனைக் கையில் எடுத்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"சரி, சத்தம் போடாதீங்க. பதினோரு ரூம்ல ஆளு இருக்காங்க. சேகர இந்த நிமிசமே வேலைய உட்டு அனுப்பிடறேன். இத அந்தக் கல்லுல வெச்சு ஒரே போடு. முடிஞ்சுது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், கல்யாணம் ஆவப்போற புள்ள இருக்குது."

"ஒடைக்கக் கூடாதுங்க சார்" என்றாள் மேனகா.

"ஏம்மா, உன் தம்பிக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"ரெண்டு பேருக்கு அனுப்பியிருக்கானுங்க. அது ஆருன்னு அதுலதான் இருக்குது."

இதைக் கேட்ட பிறகுதான் ஹேமலதா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. காய்ந்துகொண்டிருந்த தலைமுடியை இரண்டு கையாலும் முன்னால் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வேலுசாமி போனைப் பலகைமேல் வைத்தார். மரியபுஷ்பம் அதை ஒரு கரித்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே பைக் ஒன்று உதைபட்டுக் கிளம்பி, சேலம் ரோடு பக்கம் இறங்கிப்போகும் சத்தம் கேட்டது. அது யாருடைய பைக் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று பெண்களும் ஒண்டிக்கடைப் பக்கம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். மரியபுஷ்பம் முன்னால், ஹேமலதா அவள் முந்தானையைப் பிடித்தபடி, மேனகா பத்தடி பின்னால். பின்னால் வரும்படி யாரும் சொல்லவில்லை. கூட வா என்றும் சொல்லவில்லை. செம்மநத்தம் பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. கண்டக்டர் கையை ஆட்டினார், எங்கே கிளம்பிட்டீங்க என்பது போல.

ஸ்டேஷனில் சுதாராணி என்ற பெண் போலீஸ் பேப்பரை எடுத்துவைத்து எழுத ஆரம்பித்தார். சின்ன வயது. நிதானமாகக் கேட்டார். மூன்று பேரையும் உட்காரச் சொன்னார்.

"கண்டுபுடிச்சது ஆரும்மா?"

"நானுங்க."

"அவன்தான்னு எப்புடித் தெரியும்?"

"அவனே ஒத்துக்கிட்டானுங்க. கட்டும் அவன் கட்டுதானுங்க. டப்பா இன்னும் அங்கதான் இருக்குது, நான் அவுக்கல."

"அவன் உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் பொறந்தவனுங்க."

பேனா நின்றது. சுதாராணி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரிம்மா. பாதிக்கப்பட்டவங்க மூணு பேருன்னு எழுதிக்கறேன். உங்க முழுப்பேரு சொல்லுங்க" என்றார்.

சொல்லியிருக்கலாம். பேரைச் சொன்னால் போதும். மூன்று பேரில் ஒருத்தியாக அந்தப் பேப்பரில் இருந்துவிடலாம். ஹேமலதா தலை குனிந்தபடி தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மேனகா உட்கார இடம்கூட விட்டிருந்தாள்.

"ரெண்டு பேருங்க" என்றாள் மேனகா.

"என்னது?"

"எம் பேரு வேண்டாமுங்க. என்னைய எடுக்கலையாமுங்க."

ஹேமலதா தலையை உயர்த்தினாள். "அதெப்புடி?"

மேனகா அவள் பக்கம் திரும்பினாள்.

"அதெப்புடிக்கா? ஒரே ரூமுதானே. அதே ஓட்டதானே."

"நான் குளிக்கற நேரம் அவனுக்குத் தெரியும், கண்ணு. அதுக்குள்ள எடுத்துருவானாம்."

ஹேமலதா அவளையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பையை எடுத்து, மறுபடி அந்த நாற்காலியில் வைத்தாள்.

"கண்ணுன்னு கூப்படாதீங்க" என்றாள்.

மரியபுஷ்பம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுதாராணி பேனாவை மறுபடி பேப்பரில் வைத்தார். "அப்ப அவங்க ரெண்டு பேரும் போற நேரமும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அத அவன் வாயால உங்ககிட்டச் சொன்னானா?"

"சொன்னானுங்க."

"அவன் சொன்னத அப்புடியே சொல்லுங்கம்மா. எழுதணும்."

மேனகா நின்றுகொண்டே சொன்னாள்.

"ஹேமலதா நாலரைங்க. மரியபுஷ்பம் அஞ்சு மணிங்க."